ஒரே லப்டொப்பில் இரண்டு வட்ஸ்அப்: பயர்பொக்ஸில் வலைச்செயலிகளை நிறுவுவதும் பராமரிப்பதும்

சுன்னாகத்தில் தொடர்பாடல் நிலையம் நடத்துகிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்:

"அண்ணா, கடையில் இருப்பது ஒரு பழைய லப்டொப். வின்டோஸ், 4 ஜிபி நினைவகம். நெடுக பயர்பொக்ஸ்தான் பாவிக்கிறேன். கடை வட்ஸ்அப், இரண்டு ஜிமெயில், படம் சுருக்குகிற தளம், பாமினி மாற்றி என்று எந்த நேரமும் பதினைந்து டேப் திறந்திருக்கும். தம்பியின் ரியூட்டரி (ரியூஷன் வகுப்பு) வட்ஸ்அப் மட்டும் குரோமில் இருக்கிறது. போன கிழமை ஒரு ஐயாவின் அடையாள அட்டைப் படத்தை அவசரத்தில் ரியூட்டரிப் பிள்ளைகளின் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். உடனே அழித்துவிட்டேன், ஆனாலும் மனம் கேட்கவில்லை. பயர்பொக்ஸில் நீட்சி என்று ஒரு சிறு நிரலைச் சேர்த்தால் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயலியாக நிறுவலாம் என்கிறார்கள். என்னுடைய லப்டொப் தாங்குமா? எப்படிப் போடுவது, பிறகு எப்படிப் பராமரிப்பது?"

தங்கச்சி, போடலாம். நிறுவுவது பெரிய வேலையும் இல்லை. ஆனால் எந்தச் செயலியை எந்தப் புரொபைலுக்குள் (உள்நுழைவுகளைப் பிரித்து வைக்கிற தனி அறை மாதிரி, கீழே விளக்குகிறேன்) வைக்கப்போகிறோம் என்பதை முதலே ஒரு தாளில் எழுதி முடிவெடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால், இப்போது டேப்பில் கிடக்கிற குழப்பம் அப்படியே டாஸ்க்பாரில் வந்து குந்திவிடும். உங்களுக்கு நடந்த தவறுக்குக் காரணம் உங்கள் அவசரம் மட்டும் இல்லை. ஒரே பச்சை நிறத்தில், ஒரே மாதிரி இரண்டு சாளரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் கை தவறும்.

முதலில் வலைச்செயலி என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் திறக்கிற அதே இணையத்தளம்தான். ஆனால் மேலே டேப் வரிசை இல்லாமல், தனிச் சாளரத்தில், தனிப் படக்குறியோடு திறக்கும். ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் சாதாரண மென்பொருள் போலவே நிற்கும். 2015இல் பிரான்சிஸ் பெரிமனும் அலெக்ஸ் ரசலும் இதற்குப் 'புரோகிரசிவ் வெப் அப்' என்று பெயர் வைத்தார்கள். அப்படி நிறுவுவதற்கென்று தயாரான தளங்களில் மனிபெஸ்ட் என்று ஒரு சிறிய கோப்பு இருக்கும். செயலியின் பெயர், படக்குறி, எந்தப் பக்கத்தில் தொடங்குவது, தளத்தின் எந்தப் பகுதி வரைக்கும் இந்தச் செயலியின் எல்லை என்பதெல்லாம் அதற்குள் எழுதியிருக்கும்.

குரோமிலும் எட்ஜிலும் இந்த வசதி பிரவுசரோடேயே வருகிறது. பயர்பொக்ஸின் கதை வேறு. மொசில்லா 2007இலேயே பிரிசம் என்ற பெயரில் இதே எண்ணத்தைச் செய்து பார்த்து, பிறகு கைவிட்டது. பின்னர் பயர்பொக்ஸுக்குள்ளேயே பரிசோதனையாக ஒரு வசதி ஒளிந்திருந்தது. 2020 கடைசியில் அதையும் எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் நீங்கள் கேள்விப்பட்ட நீட்சி: புரோகிரசிவ் வெப் அப்ஸ் ஃபோர் பயர்பொக்ஸ். இது மொசில்லாவின் சொந்தத் தயாரிப்பு இல்லை. வெளியில் இருந்து செய்த திறந்த மூலத் திட்டம், இலவசம்.

இந்த நீட்சியைப் போட்டவுடன் அது இன்னொரு நிரலையும் நிறுவச் சொல்லும். இந்த இடத்தில் பலர் பயந்து மூடிவிடுகிறார்கள். ஒரு நீட்சிக்கு ஏன் தனி நிரல்? காரணம் இருக்கிறது. பிரவுசர் நீட்சிகளைப் பாதுகாப்புக்காக ஒரு வேலிக்குள் வைத்திருக்கிறது. உங்கள் ஸ்டார்ட் மெனுவில் ஒரு குறியை வைக்கவோ, கணினியில் இன்னொரு நிரலைத் தொடக்கவோ ஒரு நீட்சிக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே வேலிக்கு வெளியே ஒரு துணை நிரல் நின்று அந்த வேலைகளைச் செய்கிறது. நீட்சி அதற்குச் செய்தி அனுப்பும்: இந்தத் தளத்தை, இந்தப் பெயரில், இந்தப் படத்தோடு நிறுவு என்று. அதற்குப் பிறகு மூன்றாவதாக இன்னொன்றும் இறங்கும். அது தனியான ஒரு பயர்பொக்ஸ் பிரதி. வலைச்செயலிகள் ஓடுவது அதில்தான், நீங்கள் தினமும் திறக்கிற பயர்பொக்ஸில் இல்லை. இந்த ஒரு விஷயம் விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும். கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்பது ஏன், விளம்பரத் தடுப்பான் அங்கே இல்லாதது ஏன், நினைவகம் கூடப் போவது ஏன் என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இதுதான். அது உங்கள் பயர்பொக்ஸ் இல்லை, பக்கத்து வீட்டுப் பயர்பொக்ஸ்.

முழுப் பிரவுசர் ஒன்று இறங்குவதால், தரவிறக்கத்தை டேட்டாக் கணக்கு பார்க்கிற கைபேசி ஹொட்ஸ்பொட்டில் செய்யாதீர்கள். வைபை உள்ள இடத்தில் செய்யுங்கள்.

இனிப் புரொபைல். ஒரு வீட்டில் பல அறைகள் இருப்பது போல நினையுங்கள். குக்கிகள், உள்நுழைவுகள், சேமித்த கடவுச்சொற்கள், அந்தத் தளங்கள் உங்கள் கணினியில் வைத்திருக்கிற தரவுகள், நீட்சிகள் எல்லாம் அந்த அந்த அறைக்குள்ளேயே இருக்கும். ஓர் அறையில் இருப்பது மற்ற அறைக்குத் தெரியாது. ஒரே அறைக்குள் இரண்டு செயலி வைத்தால் இரண்டும் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும். ஓர் அறையில் பொதுவாக ஒரு வட்ஸ்அப் உள்நுழைவுதான் இருக்க முடியும். ஆகவே இந்த நீட்சியில் இரண்டு வட்ஸ்அப்புக்கு இரண்டு புரொபைல் வேண்டும்.

நீங்கள் ஒன்றும் தெரிவு செய்யாமல் நிறுவிக்கொண்டே போனால், எல்லாச் செயலியும் பொதுப் புரொபைல் என்ற ஒரே அறைக்குள் போய் விழும். நிறுவும்போது பெயர், தொடக்க முகவரி, படக்குறி ஆகியவற்றைக் கேட்கிற அதே சிறிய பெட்டியில்தான் எந்தப் புரொபைல் என்றும் கேட்கும். அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உங்கள் கடைக்கு நான் மூன்று புரொபைல் போதும் என்பேன். முதலாவது 'கடை': கடை வட்ஸ்அப், கடை ஜிமெயில். இரண்டாவது 'ரியூட்டரி': தம்பியின் வட்ஸ்அப், தம்பியின் ஜிமெயில். மூன்றாவது 'கருவி': படம் சுருக்குகிறது, பாமினி மாற்றி போன்ற, எங்கேயும் உள்நுழையத் தேவையில்லாத சாமான்கள். செயலிக்கு ஒரு புரொபைல் என்று ஆறு ஏழு உண்டாக்காதீர்கள். அதற்கான காரணம் நினைவகம். ஒரே புரொபைலில் உள்ள செயலிகள் ஒரே பயர்பொக்ஸ் ஓட்டத்தைப் பகிர்கின்றன. வேறு வேறு புரொபைலில் இரண்டைத் திறந்தால் இரண்டு பயர்பொக்ஸ் ஓடுகிற மாதிரி. உங்கள் வழமையான பயர்பொக்ஸையும் சேர்த்தால் மூன்று. 4 ஜிபியில் மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திறந்தால் லப்டொப் திணறும். கருவிப் புரொபைலைத் தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். எது எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று பார்க்க, பயர்பொக்ஸ் சாளரத்தில் ஷிஃப்ட் விசையோடு எஸ்கேப் விசையை அழுத்துங்கள். டேப் டேப்பாகக் காட்டும். ஒரு வேலைநாளின் நடுவில் ஒருக்கால் அதைத் திறந்து பார்த்தீர்கள் என்றால், நான் சொல்வதை விட அது வடிவாகச் சொல்லும்.

நிறுவும் வழி இது. பயர்பொக்ஸின் நீட்சிகள் பக்கத்தில் மேலே சொன்ன பெயரைத் தேடிச் சேர்த்தவுடன் அமைப்புப் பக்கம் ஒன்று தானாகத் திறக்கும். அது காட்டுகிற இணைப்பிலிருந்தே துணை நிரலைத் தரவிறக்குங்கள். தேடுபொறியில் தேடிக் கிடைக்கிற வேறு தளங்களில் இருந்து எடுக்க வேண்டாம். நிறுவ நிர்வாகி அனுமதி தேவைப்படும். பிறகு அதே பக்கம் அந்தத் தனிப் பயர்பொக்ஸை இறக்கும். அவ்வளவுதான். இப்போது மனிபெஸ்ட் உள்ள தளம் ஒன்றுக்குப் போனால் முகவரிப் பட்டையில் நிறுவுவதற்கான குறி தெரியும். மனிபெஸ்ட் இல்லாத தளம் என்றால், நீட்சியின் குறியைச் சொடுக்கி அங்கிருந்து நிறுவலாம். இதுதான் இந்த நீட்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எங்களுடைய தேவைக்கு உதவுகிற தமிழ்த் தளங்கள் கனக்க ஒரு ஆளோ இரண்டு ஆக்களோ நடத்துகிற எளிய பக்கங்கள். நிறுவுவதற்கென்று அவற்றை யாரும் தயார்செய்து வைத்திருக்க மாட்டார்கள். அவற்றையும் செயலியாக்கலாம்.

பாமினி மாற்றியை எடுங்கள். யாழ்ப்பாணத்தில் அச்சகம், பாடசாலை, கோயில் நோட்டீஸ் என்று எங்கே போனாலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வந்துகொண்டே இருக்கும். அதை ஒன்லைன் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக விழும், ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றியே ஆக வேண்டும். ஆள் முன்னால் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் தேடித் திறக்கிற அந்த அரை நிமிடம்தான் நாளின் முடிவில் சேர்ந்து பெரிதாகிறது. டாஸ்க்பாரில் ஒரு குறியாக அது இருந்தால் கை நேரே போகும். நூலகம் தளத்தையும் நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்துவருகிற அந்த மின்னூலகத்தைத் தனிச் சாளரத்தில் திறந்தால், ஒரு பழைய இதழைத் தேட வந்த ஆள் இடையில் வேறு டேப்பில் தொலைந்துபோவதில்லை. ரியூட்டரிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இது நல்லது.

படம் சுருக்குவதற்கு ஸ்குவூஷ் என்ற தளத்தைப் பாவித்துப் பாருங்கள். உங்கள் கடைக்கு இது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். ஒன்லைன் விண்ணப்பங்களில் படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆக்கள் கைபேசியில் எடுத்த நாலு, ஐந்து எம்பி படத்தோடு வருவார்கள். சும்மா தேடினால் வருகிற சுருக்கும் தளங்களில் பல, அந்தப் படத்தைத் தங்கள் சேவையகத்துக்கு ஏற்றித்தான் சுருக்கித் தருகின்றன. ஒரு ஐயாவின் அடையாள அட்டையை எங்கேயோ உள்ள சேவையகத்துக்கு ஏற்றுவதும் ரியூட்டரிக் குழுவுக்கு அனுப்புவதும் அவருக்கு ஒரே மாதிரி நட்டம்தான். ஸ்குவூஷ் படத்தை வெளியே அனுப்புவதில்லை, உங்கள் கணினியிலேயே பிரவுசருக்குள் வைத்துச் சுருக்குகிறது. படத்தை உள்ளே இழுத்துவிட்டு, கீழே வலப்பக்கத்தில் தரத்தின் இழுவையைக் குறைத்துக்கொண்டு வந்தால், கோப்பின் அளவு குறைவதும் படம் எவ்வளவு மங்குகிறது என்பதும் கண்முன்னே தெரியும். நடுவில் உள்ள கோட்டை இடம் வலம் இழுத்து மூலப்படத்தோடு ஒப்பிடலாம். அடையாள அட்டை இலக்கம் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். ஒருமுறை திறந்த பிறகு இணையம் இல்லாமலும் ஓடும். படத்தைத் திருத்த வேண்டும் என்றால் போட்டோப்பீ என்ற தளமும் இதே வகை. அதுவும் கோப்பைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறது.

இணையம் இல்லாமல் ஓடுவதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவினால் எல்லாத் தளமும் இணையம் இல்லாமல் ஓடும் என்று நினைக்காதீர்கள். தளத்தைச் செய்தவர் சேர்விஸ் வேர்க்கர் என்ற ஒரு சிறிய நிரலை வைத்து, தேவையான கோப்புகளை உங்கள் கணினியில் சேமிக்கும்படி எழுதியிருந்தால் மட்டும்தான் ஓடும். நிறுவுவது அதை உண்டாக்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதுதான் இதை நான் வடிவாக உணர்ந்தேன். லப்டொப்பில் பற்றரி இருக்கும், ரவுட்டர் செத்துக் கிடக்கும். ஒன்லைனில் எழுதுகிற ஒரு செயலியில் ஒருவருக்கு எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பக் கடிதம் பாதியில் போனது. பக்கத்தில் திறந்திருந்த இன்னொரு செயலி ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எதை நிறுவினாலும் வைபையை நிறுத்திவிட்டு ஒருக்கால் மூடித் திறந்து பார்ப்பேன். நீங்களும் செய்யுங்கள், ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். கூகிள் டொக்ஸை இணையம் இல்லாமல் திருத்துகிற வசதி குரோமுக்கும் எட்ஜுக்கும்தான் தந்திருக்கிறார்கள். அந்தத் தேவை இருந்தால் டொக்ஸை மட்டும் எட்ஜில் நிறுவுங்கள். இந்த நீட்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வட்ஸ்அப்புக்குச் சில குறிப்புகள். ஒரு கணக்கோடு கைபேசியைத் தவிர நான்கு கருவி வரை இணைக்கலாம். இந்த நீட்சியின் ஒவ்வொரு புரொபைலும் அதில் ஒரு கருவியாக எண்ணப்படும். ஆகவே புதிதாக இணைத்த பிறகு, பழைய பயர்பொக்ஸிலும் குரோமிலும் இருந்த இணைப்புகளைக் கைபேசியில் 'இணைத்த கருவிகள்' பகுதிக்குப் போய்த் துண்டித்துவிடுங்கள். துண்டிக்காவிட்டால் பழைய டேப்பும் உயிரோடு இருக்கும், தவறும் திரும்பவும் அதிலேயே நடக்கும். கைபேசியை 14 நாள் பாவிக்காமல் விட்டால் இணைப்புகள் தானாகவே அறுந்துவிடும் என்பதையும் தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.

இரண்டு வட்ஸ்அப்பும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிய வேண்டும் இல்லையா? நிறுவும்போது படக்குறியை மாற்ற இடம் இருக்கிறது. ரியூட்டரிக்கு வேறு நிறத்தில் ஒரு படத்தைக் கொடுங்கள், புத்தகமோ கரும்பலகையோ ஏதாவது. பெயரையும் தமிழில் கொடுக்கலாம், ஆனால் முன்னால் ஓர் இலக்கம் போடுங்கள்: '1 கடை வட்ஸ்அப்', '2 ரியூட்டரி வட்ஸ்அப்'. ஸ்டார்ட் மெனுவில் தேடும்போது விசைப்பலகை ஆங்கிலத்தில் நிற்கும். தமிழுக்கு மாற்றித் தேடுவதை விட 1 அடிப்பது சுகம். ரியூட்டரிப் புரொபைலுக்குள் கருமையான தீம் (சாளரத்தின் நிற அலங்காரம்) ஒன்றையும் போட்டுவிட்டீர்கள் என்றால் சாளரத்தின் ஓரத்தைப் பார்த்தாலே இது எங்களுடையது இல்லை என்று தெரியும். நிறத்தைக் கண்டதும் கை தானாக நிற்கும், நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

இனிப் பராமரிப்பு. நீட்சியின் குறியைச் சொடுக்கினால் நிறுவிய செயலிகள் ஒரு பட்டியலாகவும் புரொபைல்கள் இன்னொரு பட்டியலாகவும் வரும். திருத்துவது, திறப்பது, நீக்குவது எல்லாம் அங்கேதான். இரண்டு பட்டியலிலும் நீக்குகிற குறி ஒரே மாதிரி இருக்கும், ஆனால் விளைவு முற்றிலும் வேறு. செயலியை நீக்கினால் அந்தக் குறியும் சாளரமும்தான் போகும், தரவு அந்தப் புரொபைலுக்குள்ளேயே கிடக்கும். புரொபைலை நீக்கினால் அதற்குள் உள்ள எல்லாச் செயலியும், அவற்றின் எல்லாத் தரவும் சேர்ந்து போகும்.

இதை நான் ஒருமுறை பிழையாகச் செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உயிரியல் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர் தன் லப்டொப் மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுவந்தார். பாவிக்காத செயலிகளை நீக்குகிறேன் என்று புரொபைல் பட்டியலில் இருந்து ஒன்றை நீக்கினேன். அதே புரொபைலில் எக்ஸ்கலிட்ரோ இருந்தது, வெள்ளைப் பலகையில் கையால் கீறுவது போல வரைகிற செயலி. அது வரைந்ததை ஒரு சேவையகத்தில் வைப்பதில்லை, பிரவுசரின் சேமிப்பிலேயே வைத்திருக்கும். இதயத்தின் நாலு அறைகளையும் வால்வுகளையும் குருதி ஓடும் திசையையும் அவர் மாதக்கணக்காக மெருகேற்றி வைத்திருந்த வரைபடம் அதோடு போனது. கோப்பாகச் சேமித்த பிரதி இல்லை. அவர் கோபப்படவில்லை, "பரவாயில்லைத் தம்பி, திரும்பக் கீறலாம்" என்றார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு புரொபைல் ஒன்றைத் தொடுவதற்கு முதல் இரண்டு வேலை செய்யாமல் விடமாட்டேன். முதலில் அதற்குள் உள்ள செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கணினியில் மட்டும் தரவு வைத்திருக்கிற செயலி எது என்று பார்ப்பேன். இருந்தால் அதிலிருந்து கோப்பாக ஏற்றுமதி செய்து எடுப்பேன். இரண்டாவது, எல்லாச் செயலியையும் மூடிவிட்டுப் புரொபைல் கோப்புறையையே பென்டிரைவுக்குக் கொப்பி எடுப்பேன். வின்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் அப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் பயர்பொக்ஸ்பிடபிள்யூஏ, அதற்குள் புரொபைல்ஸ் என்று போக வேண்டும். அப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புறைகளைக் காட்டும்படி மாற்ற வேண்டும். உள்ளே 26 எழுத்தில் விளங்காத பெயரோடு கோப்புறைகள் இருக்கும். 26 பூச்சியமாக இருப்பது அந்தப் பொதுப் புரொபைல். அந்தப் பென்டிரைவைக் கவனமாக வைத்திருங்கள், உள்நுழைவுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

புதுப்பித்தலில் ஒரு சிக்கல் உண்டு. நீட்சி தானாகவே புதுப்பிக்கும். துணை நிரலை வின்டோஸில் நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். இரண்டும் பொருந்தாமல் போனால் நீட்சி எச்சரிக்கை காட்டும். அதைப் பேசாமல் மூடிவிடாமல் அன்றைக்கே செய்துவிடுங்கள். அந்தத் தனிப் பயர்பொக்ஸும் ஒரு முழுப் பிரவுசர், பழைய பதிப்பில் ஓடவிட்டால் ஓட்டைகளோடு ஓடுகிறது என்று அர்த்தம். மாதத்தின் முதல் ஞாயிறு கடையைக் கூட்டுகிற நேரத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். லப்டொப்பில் இன்னும் வின்டோஸ் 10 என்றால் அதற்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது, அதையும் யோசிக்க வேண்டும். வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸுக்கும் இந்த நீட்சி இருக்கிறது. ஆனால் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் அண்மைய பதிப்புகளில் பயர்பொக்ஸ், ஸ்நாப் என்ற வேலி போட்ட பொதியாக வருவதால், வெளியே உள்ள துணை நிரலோடு பேசுவதில் தடை வரலாம்.

வங்கித் தளத்தை இப்படி நிறுவ வேண்டாம். வலைச்செயலிச் சாளரத்தில் முகவரிப் பட்டை மறைந்திருக்கும். செயலியின் எல்லையைத் தாண்டி வேறு தளத்துக்குப் போனால்தான் பட்டை மேலே வந்து தெரியும். வட்ஸ்அப் சாளரத்தில் திடீரென்று முகவரிப் பட்டை தெரிந்தால், யாரோ அனுப்பிய இணைப்பின் வழியாக வெளியே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், எதையும் தட்டச்சு செய்யாமல் நில்லுங்கள். வெளி இணைப்புகளை வழமையான பிரவுசரிலேயே திறக்கும்படி வலைச்செயலிச் சாளரத்தின் அமைப்புகளில் மாற்றலாம். கடைக் கணினிக்கு அதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். பணம் சம்பந்தப்பட்ட எதையும், முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்கக்கூடிய சாதாரண பிரவுசரில் திறப்பதுதான் சரி.

இனி, இந்த நீட்சி உங்களுக்குத் தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். பயர்பொக்ஸ் 143 பதிப்போடு, 2025 செப்டெம்பரில், வின்டோஸில் ஒரு தளத்தை டாஸ்க்பாரில் தனிச் சாளரமாக வைக்கிற வசதியை மொசில்லாவே தந்துவிட்டது. தனிச் சாளரம் மட்டும் வேண்டும் என்றால் அது போதும், கூடுதல் நிரல் ஒன்றும் வேண்டாம். ஆனால் அது உங்கள் வழமையான புரொபைலிலேயே ஓடுவதால் இரண்டு வட்ஸ்அப் பிரச்சினை தீராது. கணக்குகளைப் பிரிப்பது மட்டும்தான் தேவை என்றால் மொசில்லாவின் இன்னொரு நீட்சி இருக்கிறது, மல்ரி அக்கவுன்ட் கொன்டெயினர்ஸ். ஒரே பிரவுசருக்குள் டேப்களுக்கு நிறம் கொடுத்து, ஒரு நிறத்தின் உள்நுழைவு மற்றதற்குத் தெரியாமல் வைக்கும். நினைவகம் கனக்கப் பிடிக்காது. கடையில் நீங்கள் ஒரு ஆள் மட்டும் இருந்தால் முதலில் இதை ஒரு கிழமை பாவித்துப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் தம்பியின் கணக்கையும் வைத்திருக்கிறீர்கள், பின்னேரத்தில் தம்பியும் அதே லப்டொப்பில் குந்துவார். இரண்டு பேர், இரண்டு தொழில், நடுவில் ஊர் ஆக்களின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும். இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த ஐயா உங்களை நம்பித்தானே அட்டையைக் கையில் தந்தார். ஆகவே உங்களுக்குத் தனிப் புரொபைலும் தனிச் சாளரமும்தான் பொருத்தம். 'கடை' செயலிகள் இரண்டும் பகலில் திறந்திருக்கட்டும். தம்பி வந்ததும் அவற்றை மூடிவிட்டு 'ரியூட்டரி'யைத் திறக்கட்டும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கத் தேவையே இல்லை, 4 ஜிபிக்கும் அதுதான் சுகம்.

முதல் நாள் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ரியூட்டரி வட்ஸ்அப்பை மட்டும் புதுப் புரொபைலில் நிறுவி, குரோமில் உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு கிழமை ஓடவிடுங்கள். லப்டொப் திணறாவிட்டால் கடை வட்ஸ்அப்பையும் மாற்றலாம். பாவித்த பிறகு ஷிஃப்ட்-எஸ்கேப் பட்டியலில் என்ன இலக்கம் காட்டுகிறது என்று எழுதுங்கள், மூன்றாவது புரொபைல் போடலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.